ஒரே போன், இரண்டு வாட்ஸ்அப்: குழுப் பேச்சு குழுவுக்கு, வீட்டுப் பேச்சு வீட்டுக்கு



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன், தணிக்கை எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு குழுவின் பிரதிநிதி எழுந்தார். "ஒரே போன்ல ரெண்டு வாட்ஸ்அப் வச்சுக்கலாமாமே? எப்படின்னு நம்ம செய்திமடல்ல எழுதுங்கக்கா. எனக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது" என்றார். அவருக்கு என்ன நடந்தது என்று கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக, அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம்.

படிக்கும்போது குழப்பம் வராமல் இருக்க ஒரு விஷயம். இந்தக் கட்டுரையில் "குழு" என்றால் நம் மகளிர் சுய உதவிக் குழு. "குரூப்" என்றால் வாட்ஸ்அப்பில் இருக்கும் குரூப்.

நடந்தது என்ன?

அந்தப் பிரதிநிதியிடம் இருப்பது ஒரு போன், ஒரு எண். அதே எண்ணில்தான் குழுவின் குரூப், அண்ணன் தம்பி வீட்டுக் குரூப், மகள் படிக்கும் பள்ளியின் குரூப், ஊர்த் திருவிழாக் குரூப் எல்லாம் இருந்தன. குழுவுக்கு வைத்திருப்பது ஓர் அம்மன் பெயர். திருவிழாக் குரூப்புக்கும் அதே அம்மன் பெயர். மாதக் கடைசியில், அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில், உள்கடன் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து ஊக்குநருக்கும் உறுப்பினர்களுக்கும் போகட்டும் என்று அனுப்பினார். அது திருவிழாக் குரூப்புக்குப் போய்விட்டது. யார் எவ்வளவு வாங்கினார், யாருக்கு எத்தனை தவணை பாக்கி என்று பெயரோடு எல்லாம் அதில் இருந்தது.

பத்து நிமிடத்தில் பார்த்து அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாள் குழாயடியில் அதுதான் பேச்சு. இரண்டு தவணை பாக்கி வைத்திருந்த ஒரு உறுப்பினருக்கு, கணவர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் கட்ட முடியாமல் போயிருந்தது. குழுவில் எல்லோருக்கும் அது தெரியும். தவணைக்குத் தள்ளி வைக்கத் தீர்மானமும் போட்டிருந்தார்கள். ஆனால் ஊருக்கு அது தெரியாது. ஊருக்குத் தெரிந்தது அந்தப் போட்டோவில் இருந்த பாக்கி மட்டும்தான்.

அடுத்த மூன்று கூட்டத்துக்கு அவர் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர் வீட்டுக்குப் போனோம். "நான் கடன் வாங்கினது குழுகிட்டதானே? ஊருகிட்ட வாங்கலையே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

பழைய பாடம்தான்

தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் அரசு உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து நமக்குச் சொல்லித் தரப்படும் முதல் பாடம் என்ன? குழுப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு. குழுவின் சேமிப்பை ஊக்குநரின் சுருக்குப் பையிலோ அரிசிப் பானையிலோ வைக்கக் கூடாது. குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி அதில் போட வேண்டும். ஊக்குநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த விதி மாறாது. ஏனென்றால் கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது கஷ்டம். சந்தேகம் ஒரு தடவை வந்துவிட்டால் போகாது.

குழுவின் பேச்சும் குழுவின் சொத்துதான். யார் கடன் கேட்டார், எதற்குக் கேட்டார், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பதெல்லாம் நம்மை நம்பிச் சொன்னது. அதை வீட்டு விசேஷப் போட்டோ, காலை வணக்கம், ஊர்ச் செய்தியோடு ஒரே பையில் போட்டுக் கலக்குவது சரியில்லை. இன்னொரு போன் வாங்க எல்லோராலும் முடியாது. ஒரே போனில் இரண்டு கணக்கு வைக்க முடியும். அதற்கு மூன்று வழி உண்டு. நம் உறுப்பினர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன் என்பதால் அதற்கான வழியைத்தான் சொல்கிறோம்.

முதலில் தேவை: இரண்டு எண்

வாட்ஸ்அப்பில் ஒரு கணக்குக்கு ஒரு எண். ஒரே எண்ணை வைத்து இரண்டு கணக்கு தொடங்க முடியாது. அதனால் இரண்டாவது சிம் வேண்டும். இப்போது வரும் போன்களில் பெரும்பாலும் இரண்டு சிம் போடலாம். சில போனில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்தான் இருக்கும். ஏதாவது ஒன்றுதான் போட முடியும். வாங்குவதற்கு முன் சிம் தட்டை வெளியே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டாவது சிம்முக்கும் நெட் பேக் போடணுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஒரு சிம்மில் நெட் இருந்தால் இரண்டு கணக்கும் அதிலேயே ஓடும். இரண்டாவது எண்ணுக்கு முக்கியமான வேலை, கணக்கு தொடங்கும்போது வரும் ஆறு இலக்க எண்ணை எஸ்எம்எஸ்ஸில் வாங்குவது. ஆனால் அதோடு அந்தச் சிம்மை மறந்துவிடக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

முதல் வழி: வாட்ஸ்அப்பிலேயே இரண்டாவது கணக்கு

2023 அக்டோபரில் இந்த வசதியை வாட்ஸ்அப் நிறுவனமே ஆண்ட்ராய்டு போனுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. தனியாக எதையும் இறக்க வேண்டாம். பிளே ஸ்டோரில் போய் உங்கள் வாட்ஸ்அப்பைப் புதுப்பித்துவிட்டு இப்படிச் செய்யுங்கள்.

1. வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொடுங்கள். "செட்டிங்ஸ்" என்பதற்குள் போங்கள்.

2. மேலே உங்கள் பெயரும் போட்டோவும் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அடையாளத்தைத் தொட்டால் "ஆட் அக்கவுண்ட்" என்று வரும். அதைத் தொடுங்கள்.

3. நிபந்தனைகளுக்குச் சம்மதம் கேட்கும். சம்மதம் கொடுத்துவிட்டு இரண்டாவது எண்ணை அடியுங்கள். ஒரு தடவை சரிபாருங்கள். ஒரு இலக்கம் தப்பினால் யாரோ ஒருவருக்கு எஸ்எம்எஸ் போகும்.

4. அந்த எண்ணுக்கு ஆறு இலக்க எண் வரும். அதை அடித்தால் கணக்கு தயார்.

5. பெயர் கேட்கும் இடத்தில் உங்கள் பெயரோடு குழுவின் பெயரையும் போடுங்கள். போட்டோவுக்கு உங்கள் முகம் வேண்டாம். குழுவின் பெயர்ப்பலகையைப் போடுங்கள். எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக, அதே மூன்று புள்ளியைத் தொட்டால் "ஸ்விட்ச் அக்கவுண்ட்ஸ்" என்று இருக்கும். கதவைத் திறந்து அடுத்த அறைக்குப் போவது போலத்தான். பழைய கணக்கில் இருந்த செய்தி, போட்டோ எதுவும் அழியாது.

இரண்டு கணக்குக்கும் செய்தி வந்தால் சத்தம் கேட்கும். ஒவ்வொரு கணக்குக்கும் அந்தச் சத்தத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். எங்களில் ஒருவர் குழுக் கணக்குக்கு மணிச் சத்தம் வைத்திருக்கிறார். மணி அடித்தால் அது குழு வேலை. சமையலை முடித்துவிட்டு நிதானமாகப் பார்ப்பார்.

இரண்டாவது வழி: வாட்ஸ்அப் பிசினஸ்

இது வேறு ஒரு ஆப். 2018 ஜனவரியில் வந்தது. சிறு வியாபாரிகளுக்கு என்றே செய்தது. காசு இல்லை. பிளே ஸ்டோரில் கிடைக்கும். வழக்கமான வாட்ஸ்அப்பில் ஒரு எண், பிசினஸ் ஆப்பில் இன்னொரு எண் என்று ஒரே போனில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

ஊறுகாய், வத்தல், சத்துமாவு, துணிப்பை என்று குழுவாகத் தொழில் செய்கிறவர்களுக்கு இதுதான் பொருத்தம். பொருளின் போட்டோ, விலை எல்லாம் பட்டியலாகப் போட்டு வைக்கலாம். வாங்குகிறவர் "என்ன விலை?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியதில்லை. இரவில் செய்தி வந்தால், "வணக்கம், காலை 9 மணிக்குப் பதில் சொல்கிறோம்" என்று தானாகப் பதில் போகிற மாதிரி வைக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு ஆர்டர் கேட்டு வரும் செய்திக்காகத் தூக்கம் கெட வேண்டாம். வீட்டிலும் "யாரு இந்நேரத்துல?" என்ற கேள்வி வராது.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் ஏற்கெனவே வாட்ஸ்அப் வைத்திருக்கும் எண்ணையே பிசினஸ் ஆப்பில் கொடுத்தால், பழைய கணக்கு அப்படியே பிசினஸுக்கு மாறிவிடும். இரண்டாவது கணக்கு கிடைக்காது. எண்ணைக் கேட்கும்போது இரண்டாவது எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். கூட்டமைப்பு அலுவலகத்தில் தரைவழி போன் இருந்தால் அந்த எண்ணையும் கொடுக்கலாம். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக போன் அழைப்பில் அந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லும்படி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி: போனிலேயே இருக்கும் இரட்டை ஆப்

சாம்சங், ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்ற கம்பெனிகளின் பல போன்களில், ஒரே ஆப்பை இரண்டாக வைத்துக்கொள்ளும் வசதியை கம்பெனியே வைத்திருக்கிறது. சாம்சங்கில் "டூயல் மெசஞ்சர்" என்றும், ஷாவ்மியில் "டூயல் ஆப்ஸ்" என்றும் இருக்கும். போனின் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினால் கிடைக்கும். அதைத் திறந்து வைத்தால் இரண்டாவது வாட்ஸ்அப் படம் ஒன்று தனியாக வந்து நிற்கும்.

நாலாவதாக ஒரு வழியை யாராவது சொல்வார்கள். "ஜிபி வாட்ஸ்அப்னு ஒண்ணு இருக்கு, லிங்க் அனுப்புறேன், இறக்கிக்கோ" என்பார்கள். வேண்டவே வேண்டாம். அது வாட்ஸ்அப் நிறுவனம் செய்தது அல்ல. பிளே ஸ்டோருக்கு வெளியே, யாரோ செய்து விடுவது. அதைப் போட்டால் உங்கள் கணக்கையே வாட்ஸ்அப் முடக்கலாம். போனுக்குள் இருக்கும் செய்தி, எண் எல்லாம் யார் கைக்குப் போகும் என்றும் சொல்ல முடியாது. வங்கிச் செய்தி வரும் போனில் இந்த விஷப்பரீட்சை கூடாது.

ஒரு வீடு, ஒரு போன், இரண்டு பேர்

நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அது கணவரிடமோ மகனிடமோ இருக்கும். குழுச் செய்தி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். "சாயங்காலம் அவர் வந்தாத்தான் பார்ப்பேன்" என்று சொல்வதைக் கேட்கிறோம். கூட்டம் தள்ளி வைத்தது தெரியாமல் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து காத்திருந்தவர்களும் உண்டு.

இதற்கும் மேலே சொன்னதே வழி. அதே போனில் உங்கள் பெயரில் ஒரு சிம் போட்டு, உங்களுக்கென்று ஒரு கணக்கு தொடங்குங்கள். போன் வீட்டுக்குப் பொதுவாக இருக்கட்டும். கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும். நாளைக்குத் தனியாக ஒரு போன் வாங்கினால் அந்தச் சிம்மைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம். எண் உங்களோடு வரும். குரூப்பும் உங்களோடு வரும்.

"என் பெயரில்" என்பதை அழுத்திச் சொல்கிறோம். சிம் யார் ஆதாரில் வாங்கியதோ அவர்தான் அதற்குச் சொந்தக்காரர். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் ஒன்பது சிம் வரை இருக்கலாம். நீங்கள் வாங்காத எண் உங்கள் பெயரில் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வழியில் கணக்கு மாற்றுவதற்குப் பூட்டு எதுவும் கேட்காது. போன் யார் கையில் இருக்கிறதோ அவர் தொட்டால் திறக்கும். அதனால் ஒரு போனை இரண்டு பேர் வைத்திருந்தால் இரண்டாவது வழிதான் நல்லது. பிசினஸ் ஆப் தனியாக இருப்பதால் அதற்கு மட்டும் விரல் ரேகைப் பூட்டு போடலாம். செட்டிங்ஸ், பிரைவசி, "ஆப் லாக்" என்று வரிசையாகப் போனால் கிடைக்கும். ஆனால் போனைத் திறக்க யாருடைய ரேகை எல்லாம் பதிவாகியிருக்கிறதோ, அவர்கள் விரலுக்கும் இந்தப் பூட்டு திறக்கும். பூட்டு போடுவதை வீட்டில் சொல்லிவிட்டே செய்யுங்கள். "குழு உறுப்பினர்களோட கணக்கு வழக்கு இருக்கு, நான் காட்டக் கூடாதுன்னு தீர்மானம்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அப்படி ஒரு தீர்மானத்தைக் குழுவில் போட்டு வையுங்கள். உங்களுக்கும் பலமாக இருக்கும்.

போட்டோ வழியாகவும் விஷயம் வெளியே போகும். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோ தானாக போன் கேலரியில் போய் உட்காரும். கேலரி இரண்டு கணக்குக்கும் பொது. பிள்ளை விளையாட போனை எடுத்தால் குழுப் பதிவேடு கண்ணில் படும். குழுக் கணக்கில் செட்டிங்ஸ், சாட்ஸ் என்று போய் "மீடியா விசிபிலிட்டி" என்பதை அணைத்துவிடுங்கள். அதன் பிறகு வரும் போட்டோ கேலரியில் தெரியாது. நீங்களே கேமராவில் எடுத்த போட்டோ கேலரியில்தான் இருக்கும். அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

பெட்டிக்கு இரண்டாவது சாவி

சில குழுக்களில் பணப்பெட்டி ஒருவரிடம் இருக்கும், சாவி இன்னொருவரிடம் இருக்கும். வாட்ஸ்அப்புக்கும் அப்படி இரண்டாவது சாவி உண்டு. செட்டிங்ஸ், அக்கவுண்ட், "டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்" என்று போய் நீங்களே ஒரு ஆறு இலக்க எண்ணை வைக்க வேண்டும். அதை வைத்துவிட்டால், யாராவது உங்கள் எண்ணை வேறு போனில் போட்டுத் திறக்கப் பார்த்தாலும் இந்த எண் தெரியாமல் திறக்க முடியாது.

இரண்டு கணக்கு என்றால் இரண்டு தடவை வைக்க வேண்டும். பிறந்த தேதி, 123456 எல்லாம் வேண்டாம். இமெயில் இருந்தால் அதையும் கொடுத்து வையுங்கள். மறந்துவிட்டால், இமெயில் கொடுக்காதவர்கள் ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும்.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். "அக்கா, என் நம்பருக்கு வர வேண்டியது தப்பா உங்களுக்கு வந்துடுச்சு, கொஞ்சம் சொல்லுங்க" என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரும். சொன்ன அடுத்த நிமிடம் உங்கள் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடலாம். பிறகு உங்கள் பெயரிலேயே குழு உறுப்பினர்களிடம் "அவசரமா ஐயாயிரம் போடு" என்று கேட்பார்கள். பிரதிநிதி கேட்கிறார் என்று நம்பி அனுப்பியும் விடுவார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

மாதம் ஒரு முறை "லிங்க்டு டிவைசஸ்" என்ற இடத்தையும் பாருங்கள். உங்கள் கணக்கு வேறு எந்த போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்திருக்கிறது என்று அங்கே தெரியும். முகவரி அச்சடிக்க ஜெராக்ஸ் கடையில் திறந்தது மூடாமல் இருக்கலாம். தெரியாத பெயர் இருந்தால் அதைத் தொட்டு "லாக் அவுட்" கொடுங்கள்.

சிம்மைச் சாக விடாதீர்கள்

இரண்டாவது சிம் போட்டு, வாட்ஸ்அப் தொடங்கி, பிறகு ரீசார்ஜ் செய்யாமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நினைப்பார்கள். 90 நாளுக்கு மேல் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை கம்பெனி நிறுத்திவிடலாம். நிறுத்திய எண் பிறகு வேறொருவருக்குப் போகும். அவர் அந்த எண்ணில் வாட்ஸ்அப் தொடங்கினால் உங்கள் கணக்கு உங்களிடமிருந்து போய்விடும். உறுப்பினர்கள் குழு என்று நினைத்து யாரோ ஒருவருக்குச் செய்தி அனுப்புவார்கள்.

சிலர் இரண்டாவது சிம்மைப் பட்டன் போனில் போட்டுவிட்டு, அதில் வரும் எண்ணைப் பார்த்து ஸ்மார்ட்போனில் கணக்கு தொடங்குவார்கள். ஆனால் 2025 நவம்பரில் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, இந்த மாதிரி ஆப்கள் கணக்கு தொடங்கிய சிம் அந்த போனில் இருந்தால்தான் ஓட வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. அதனால் இரண்டு சிம்மையும் ஸ்மார்ட்போனிலேயே போட்டு வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பதவி மாறும்போது

குழுவில் ஊக்குநர், பிரதிநிதி மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நம் விதி. பாஸ் புத்தகம், தீர்மான நோட்டு, பெட்டிச் சாவி எல்லாம் கை மாறும். வாட்ஸ்அப்?

சிம்மைக் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அது ஒருவர் பெயரில் வாங்கியது. அதில் நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் பெயர் கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் நாங்கள் சொல்வது இது. புதிய பிரதிநிதி தன் பெயரில் இருக்கும் சிம்மில் ஒரு கணக்கு தொடங்கட்டும். பழையவர் அவரைக் குழுவின் குரூப்பில் சேர்த்து, அவர் பெயரைத் தொட்டு "மேக் குரூப் அட்மின்" கொடுக்கட்டும். புதியவர் அட்மின் ஆன பிறகு, பழையவருக்கு அட்மின் பொறுப்பு தேவையில்லை. அவர் உறுப்பினராக மட்டும் தொடரட்டும். குரூப்பும் உறுப்பினர்களும் அப்படியே இருப்பார்கள். இதைப் பொறுப்பு ஒப்படைப்புத் தீர்மானத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். எப்போதும் இரண்டு பேர் அட்மினாக இருக்கட்டும். ஒருவர் போன் தொலைந்தாலும் குரூப் நிற்காது.

இரண்டு கணக்கு இருந்தால் போதுமா?

போதாது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு கணக்கு வைத்திருப்பவரும் அவசரத்தில் தப்பாக அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் மேலே இருக்கும் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். ஒரே மாதிரிப் பெயர் இருந்தால் மாற்றுங்கள். அந்தப் பிரதிநிதி இப்போது குரூப்பின் பெயரையே "கூட்டம் மட்டும்" என்று வைத்துவிட்டார். தப்பாகப் போய்விட்டால் உடனே "டெலீட் ஃபார் எவ்ரிஒன்" கொடுங்கள். அனுப்பி இரண்டரை நாள் வரை அழிக்கலாம். ஆனால் பார்த்தவர் மனதிலிருந்து எதையும் அழிக்க முடியாது.

கூட்டத்துக்கு வராமல் இருந்த அந்த உறுப்பினர் நாலாவது மாதம் வந்தார். பாக்கியில் ஒரு தவணையைக் கட்டினார். பிறகு ஒரு கோரிக்கை வைத்தார். "எந்தப் போன்லயும், எத்தனை கணக்கு வச்சாலும், யாரு பாக்கின்னு பேர் போட்டு அனுப்ப வேண்டாம். அதை இங்க, பாயில உட்கார்ந்து, நோட்டைப் பார்த்துப் பேசிக்குவோம்." அன்றைக்கே அது தீர்மானமானது. எழுதியவர் அந்தப் பிரதிநிதிதான். முதல் கையெழுத்தும் அவர் போட்டதுதான்.

கூட்டமைப்பும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கூட்ட நாள், பயிற்சி, சந்தை, மருத்துவ முகாம், மொத்தச் சேமிப்புத் தொகை எல்லாம் குழுக் கணக்கில் அனுப்பலாம். யார் பாக்கி, யார் வீட்டில் என்ன பிரச்சினை, ஆதார் நகல், பாஸ் புத்தகப் பக்கம் எதுவும் எந்தக் குரூப்பிலும் போகக் கூடாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது போனையும், இரண்டாவது சிம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். கணக்கு தொடங்கத் தெரிந்த இரண்டு பேர் கூட்டம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் உங்களோடு உட்காருவார்கள். ரகசிய எண்ணை மட்டும் நீங்களே அடியுங்கள். எங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம்.